மலையைக் குடைந்த கடன் எப்போது தீரும்? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம், நம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் இருக்கும் மரியன்ஹில் சுங்கச்சாவடி வரிசையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் சுங்க ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குமுறிக்கொண்டிருப்பது தெரிகிறது. அதிலும் பலர் கேட்டிருப்பது சுரங்கச் சாலைகளைப் பற்றி. லாரிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் கணக்கெழுதியவன் நான். டிரைவர்கள் கொண்டுவரும் சுங்க ரசீதுகளை ஆணியில் குத்திக் குத்தி மாதக் கடைசியில் அது ஒரு முழ உயரம் நிற்கும். அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சு, மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேப் டவுனிலிருந்து வூஸ்டருக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் ஹியூகனோ சுரங்கத்துக்குப் பணம் கட்டுகிறோம். திறந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டிய கடன் இன்னுமா அடையவில்லை? அந்தச் சுரங்கத்தின் கதையைச் சொல்லுங்கள் ஐயா. – வாசகி, ரைலண்ட்ஸ்

அம்மா, கதையை முதலில் சொல்கிறேன், கடனுக்கு அப்புறம் வருகிறேன்.

பார்ல் ஊருக்கும் வூஸ்டருக்கும் நடுவே டுடாய்ஸ்க்ளூஃப் மலை நிற்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் ஏறித்தான் இறங்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில் அந்த மலைப்பாதையைப் போட ஆரம்பித்தார்கள், அதில் வேலை செய்தவர்களில் இத்தாலியப் போர்க்கைதிகளும் உண்டு. 1949ல் பாதை திறந்தது. உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர். அந்தக் காலத்துக் கார்களுக்கு அது போதும். பிறகு இந்த வழி என்1 நெடுஞ்சாலை ஆகி, ஜோஹனஸ்பர்க்குக்கும் கேப் டவுனுக்கும் நடுவே ஓடுகிற கனரக லாரியெல்லாம் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தபோது, பின்னால் வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். குளிர்காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது.

1973லேயே மலையைக் குடையலாமா என்று பாறையை ஆராய ஆரம்பித்துவிட்டார்கள். குடையும் வேலை 1984ல் தொடங்கியது. இரண்டு பக்கமும் துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளி வெளியே கொட்டி, மறுபடி துளை போட்டு, மறுபடி வெடி. இப்படிக் கிழக்கிலிருந்து ஒரு கூட்டமும் மேற்கிலிருந்து ஒரு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மலைக்குள்ளே நடந்து வந்து நடுவில் சந்தித்தபோது, இரண்டு துளைக்கும் இருந்த விலகல் 3 மில்லிமீட்டர். நாலு வங்கி அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், அவ்வளவுதான் கனம். கிட்டத்தட்ட 3.9 கிலோமீட்டர் நீளத்தில் இந்தக் கணக்கு! ஜிபிஎஸ் எல்லாம் கைக்கு வராத காலம் அது. ஒரு சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தால் என் வீட்டில் இதைவிட அதிகம் விலகும்.

1988 மார்ச் 18ல் திறந்தார்கள். மலைப்பாதையைவிட 11 கிலோமீட்டர் குறைவு. பெயரைப் பாருங்கள், ஹியூகனோ. பிரான்சில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டுக் கப்பலேறி கேப்புக்கு வந்த புராட்டஸ்டண்டுக்காரர்கள் அவர்கள். வந்தது 1688. சுரங்கம் திறந்த வருடத்தோடு சரியாக 300 ஆண்டு. டு டாய் என்பதும் அவர்கள் குடும்பப் பெயர்களில் ஒன்றுதான். (1860ல் ட்ரூரோ கப்பலில் வந்த நம்மவர்கள் பெயரில் ஒரு சுரங்கம்கூட இல்லையே என்று கேட்காதீர்கள். கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள் பெயரில் சாலைக்குப் பெயர் வைக்கவே எத்தனை வருடம் ஆயிற்று.)

இப்போது கடனுக்கு வருவோம். நம் நாட்டில் இந்தக் காலத்துச் சுங்கச்சாவடி முதலில் வந்தது 1984ல், சிட்சிகம்மாவில். ஹியூகனோ சுரங்கம் திறந்தபோதே பணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இது தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட சாலை இல்லை. நாம் ஜோஹனஸ்பர்க் போகும்போது மூயி ரிவரில் கட்டுகிறோமே, அந்த என்3 குத்தகைச் சாலை, அதற்கு 1999ல் தொடங்கி 30 வருடம் என்று கணக்கு இருக்கிறது. ஹியூகனோ அப்படி அல்ல, அரசின் சாலை நிறுவனமான சான்ராலே நேரடியாக நடத்துவது. அதில் விழுகிற பணம் அந்தச் சுரங்கத்தின் பெயரில் தனி உண்டியலில் சேர்வதில்லை, சான்ராலின் சுங்கச் சாலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பானை. பானை ஒன்றாக இருந்தால் ‘இந்தச் சுரங்கத்தின் கடன் அடைந்ததா’ என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. கூட்டுக்குடும்பத்தில் மூத்தவன் சம்பளம் மாதிரிதான். அவன் கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், ஆனால் தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், அப்புறம் கூரை ஒழுகுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் போகிற துளைக்குப் பக்கத்தில் வடபுறத் துளை என்று இன்னொன்று முடிக்கப்படாமல் கிடக்கிறது. அதையும் முடித்தால் போக இரண்டு தடம், வர இரண்டு தடம் என்று பிரித்துவிடலாம். இப்போது ஒரே குழாயில் எதிரும் புதிருமாகத்தானே ஓடுகிறோம். அந்த வேலையையும் சேர்த்துத்தான் என்1, என்2 வைன்லேண்ட்ஸ் சுங்கத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கேப் டவுன் மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போய் 2015ல் அதை ரத்து செய்ய வைத்தது. புறநகரில் இருந்து வேலைக்கு வருகிறவர்கள் தினமும் கட்ட வேண்டியிருந்த சுங்கம் தப்பியது, துளையும் துளையாகவே நின்றது. இரண்டையும் ஒரே தீர்ப்பு செய்தது என்பதை வழக்காடிய இரண்டு தரப்பும் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு இந்தச் சுங்கத்தில் பெரிய மனத்தாங்கல் இல்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய மலைப்பாதை இன்னமும் திறந்திருக்கிறது, ஆர்101 என்று பெயர், காசு இல்லை. நேரம் வேண்டுமா, காசு வேண்டுமா என்று நம்மைக் கேட்கிறார்கள், பதில் நம் கையில். அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

நாலு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் அத்தனை வண்டியும் புகை விடுகிறது. உள்ளே இருப்பவர்கள் எப்படி மயங்கி விழாமல் வெளியே வருகிறார்கள்? – பத்தாம் வகுப்பு மாணவர், சாட்ஸ்வொர்த்

தம்பி, நல்ல கேள்வி. நூறு வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கில் பெரிய பெரிய பொறியாளர்களே இந்த இடத்தில்தான் திகைத்து நின்றார்கள்.

ஹட்சன் ஆற்றுக்கு அடியில் நியூயார்க்கையும் ஜெர்சி சிட்டியையும் சேர்க்கும் ஹாலந்து சுரங்கம் என்று ஒன்று. ஹாலந்து நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலந்தின் பெயர். ரயிலுக்குச் சுரங்கம் வெட்டுவது அப்போதே பழகிய வித்தை. கார் புகையில்தான் சிக்கல், அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தலை வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவான். எவ்வளவு வரை மனிதன் தாங்குவான் என்று யாருக்கும் தெரியாததால் யேல் பல்கலைக்கழகத்தில் ஆட்களை மூடிய அறைக்குள் உட்காரவைத்து, அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார்கள். பத்தாயிரத்தில் 4 பங்கு, முக்கால் மணி நேரம், அதற்குமேல் ஆகாது என்று முடிவு கட்டினார்கள். இன்றைக்கு அந்தப் பரிசோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதி தராது.

சரி, அளவு தெரிந்தது, காற்றை எப்படி மாற்றுவது? ஒரு முனையில் ஊதி மறுமுனையில் வெளியேற்றலாம் என்றால், இரண்டரை கிலோமீட்டர் குழாய்க்குள் அது புயலாக அடிக்கும். தீப்பிடித்தால் நெருப்பை நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் குறுக்கே ஊதினார்கள். சாலைக்கு அடியில் ஒரு காற்று வழி, கூரைக்கு மேலே ஒரு காற்று வழி. கீழிருந்து சாலை ஓரமாகப் புதுக் காற்று வரும், கெட்ட காற்று மேலே ஏறிக் கூரை ஓட்டைகள் வழியாகப் போய்விடும். நம் வீட்டுச் சமையல்கட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் புகைபோக்கியை ஓட விடுவதில்லையா, அதே சங்கதி. இதற்காக மொத்தம் 84 ராட்சதக் காற்றாடிகள், பாதி உள்ளே தள்ள, பாதி வெளியே இழுக்க. உள்ளே இருக்கும் காற்று முழுக்க ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். ஹாலந்து சுரங்கத்துக் காற்று நியூயார்க் தெருக் காற்றைவிடச் சுத்தம் என்று அப்போது பெருமை பேசினார்கள்.

இதில் ஒரு வருத்தம். இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்த துளைகள் ஆற்றுக்கடியில் சந்திக்க இரண்டே நாள் இருக்கும்போது, 1924 அக்டோபரில், ஹாலந்து இறந்துபோனார். வயது 41. அடுத்து பொறுப்பேற்ற மில்டன் ஃப்ரீமேனும் சில மாதத்தில் நிமோனியாவில் போய்விட்டார். மூன்றாவது ஆள் ஓலே சிங்ஸ்டாட், காற்றோட்ட முறையை வகுத்தவர், அவர்தான் கட்டி முடித்தார். 1927 நவம்பர் 13ல் வண்டிகளுக்குத் திறந்தார்கள், காருக்கு 50 சென்ட் சுங்கம். 1949ல் ரசாயனப் பீப்பாய்கள் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே தீப்பிடித்து எரிந்தபோது அந்தக் காற்றாடிகளை முழு வேகத்தில் ஓட்டித்தான் புகையை வெளியேற்றினார்கள்.

ரைலண்ட்ஸ் வாசகி அம்மாவுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. ஹாலந்து சுரங்கத்தில் பணம் கொட்டியதைப் பார்த்து 1930 வாக்கில் நியூயார்க் துறைமுக ஆணையம் அதைத் தன் கைக்கு வாங்கியது. அந்த வருமானத்தைக் காட்டி மற்றப் பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கடன் வாங்கியது. அங்கேயும் ஒரே பானைதான், நூறு வருடம் நெருங்கியும் சுங்கம் நிற்கவில்லை. லிவர்பூலில் 1934ல் திறந்த மெர்சி ஆற்றுச் சுரங்கத்துக்கும் இன்றுவரை கட்டுகிறார்கள்.

என் மகன் சிட்னியில் இருக்கிறான். அங்கே சுரங்கச் சாலைக் கம்பெனி இரண்டு முறை திவாலானது என்கிறான். ஓட்டைக்குள் வண்டி போகிறது, காசு வருகிறது, அது எப்படி அண்ணே திவாலாகும்? – வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

உங்கள் மகன் சொல்வது கிராஸ் சிட்டி சுரங்கம். நகரத்தின் நடுவே கிழக்கு மேற்காக 2.1 கிலோமீட்டர், 2005 ஆகஸ்ட் கடைசியில் திறந்தது. தனியார் பணம் போட்டுக் கட்டி, சுங்கத்தில் எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். பணம் போடுகிறவர்களிடம் ஒரு தாளை நீட்டினார்கள், ஒரு நாளைக்கு 90,000 வண்டி வரும் என்று. வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

ஏன் வரவில்லை? சுங்கம் மூன்றரை டாலருக்கு மேல். அத்தனை சின்னத் தூரத்துக்கு அது அதிகம் என்று மக்கள் நினைத்தார்கள். அதைவிட, மேலே இருந்த தெருக்களைக் குறுக்கி, சில திருப்பங்களை அடைத்து, வண்டிகளைச் சுரங்கத்துப் பக்கம் தள்ளிவிடப் பார்த்தார்கள். அங்கேதான் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. இலவசமாகவும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார்கள். இலவசம் முடிந்த மறுநாளே கூட்டமும் முடிந்தது. நாம் என்ன, மரியன்ஹில்லுக்குப் பதிலாகச் சுங்கம் இல்லாத ஃபீல்ட்ஸ் ஹில் சாலை வழியாகப் போகிறவர்கள்தானே, நமக்குத் தெரியாதா. 2006 டிசம்பரில் கடன்காரர்கள் கைக்குப் போய், அடுத்த வருடம் வேறு ஆட்கள் 700 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி, 2013ல் அவர்களும் விழுந்தார்கள். பிரிஸ்பேனில் இன்னும் மோசம். கிளெம் ஜோன்ஸ் என்ற பழைய மேயர் பெயரில் 2010 மார்ச்சில் திறந்த சுரங்கம் ஒரு வருடம் முடிவதற்குள், 2011 பிப்ரவரியில் கடன்காரர்களுக்காகச் சொத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவர் கையில்.

கணக்கெழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சுரங்கத்தில் செலவு எல்லாம் முதல் நாளே நடந்து முடிந்துவிடுகிறது. லாரிக் கம்பெனியில் சரக்கு இல்லையென்றால் லாரியை நிறுத்திவிடலாம், டீசல் மிச்சம். சுரங்கத்தில் ஒரு வண்டி போனாலும் விளக்கு எரியவேண்டும், காற்றாடி சுற்றவேண்டும், வட்டி ஓடவேண்டும். ஆகவே எல்லாமே அந்த முதல் தாளில் எழுதிய எண்ணிக்கையில் தொங்குகிறது. அந்த எண்ணிக்கையைப் பெரிதாக எழுதினால்தான் திட்டம் கையெழுத்தாகும் என்றால் யார் சின்னதாக எழுதுவார்கள்?

அதே சிட்னியில் 1992ல் திறந்த துறைமுகச் சுரங்கம் விழவில்லையே என்று உங்கள் மகன் கேட்கலாம். அது கடலுக்கடியில் காங்கிரீட் பெட்டிகளை இறக்கிச் சேர்த்துக் கட்டியது. பெட்டிகளை போர்ட் கெம்ப்ளாவில் வார்த்துக் கடலில் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு வந்தார்கள், பார்க்கவே தேர் இழுத்த மாதிரி இருந்திருக்கும். அங்கே வருமானம் குறைந்தால் அரசாங்கமே ஈடுகட்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதோடு, மேலே இருக்கும் பாலத்தில் சுரங்கம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1987ல், சுங்கத்தை ஏற்றினார்கள். வராத வண்டிக்கான காசு ஒரு ஊரில் பங்குதாரர் பையிலிருந்து போயிற்று, இன்னொரு இடத்தில் வரி கட்டுகிறவன் பையிலிருந்து.

ஜோஹனஸ்பர்க் இருக்கும் எங்கள் கவுட்டெங் மாகாணத்தில் நெடுஞ்சாலைச் சுங்கமான ஈ-டோலைக் கட்டாமலே விட்டோம், கடைசியில் அவர்களே மூடிவிட்டார்கள். நாங்கள் கெட்டிக்காரர்கள்தானே? – வாசகர், லெனேஷியா

2013 டிசம்பர் 3ல் ஆரம்பித்தது, 2024 ஏப்ரலில் அணைத்தார்கள். வேலைக்குப் போகிற வழியெல்லாம் கேமரா வைத்துவிட்டு, வேறு வழி கேட்டால் கையை விரித்தால் யார்தான் கட்டுவார்கள். ஜெயித்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலை போட்ட கடன் காற்றில் போகவில்லை ஐயா. மத்திய அரசு 70 சதவீதம், உங்கள் மாகாணம் 30 சதவீதம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த 70ல் டர்பனில் உட்கார்ந்து இதை எழுதுகிற என் பங்கும் இருக்கிறது. அடுத்த முறை வந்தால் ஒரு டீயாவது வாங்கிக்கொடுங்கள்.

சுங்கம் என்பது தமிழ்ச் சொல்லா, வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? – வாசகி, டொங்காட்

வெள்ளைக்காரனுக்கு வெகு காலம் முந்தியது. முதலாம் குலோத்துங்க சோழனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பட்டம், பதினோராம் நூற்றாண்டில். சுங்கத்தை எடுத்ததற்காக ஒரு ராஜாவை ஜனங்கள் அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்றால், அதற்கு முன்னால் அது எவ்வளவு உறுத்தியிருக்கும் பாருங்கள். அவர் விளையாட்டாகச் செய்யவில்லை, 1077ல் சீனாவுக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு அனுப்பிய ஆள். சரக்கு தடையில்லாமல் ஓடினால்தான் கஜானா நிறையும் என்று தெரிந்தவர்.

டர்பன் துறைமுக வாயில் அவ்வளவு குறுகல். வாயிலின் ஒரு கரையில் இருக்கும் பாயிண்டிலிருந்து மறுகரை ப்ளஃபுக்கு, தண்ணீருக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டால் வளைகுடாவைச் சுற்றவேண்டாமே? – வாசகர், மெரிபேங்க்

சுரங்கம் இருக்கிறது. உங்களுக்காக இல்லை, நகரத்துக் கழிவுநீர் ப்ளஃபுக்குப் போவதற்காக. கப்பல்கள் பெரிதாகி வாயிலை அகலமாக்கியபோது பழையதை விட்டுப் புதிதாகவே குடைந்தார்கள். கார் போகும் சுரங்கம் வேண்டுமானால் முதலில் அந்த 90,000 வண்டித் தாளை யாராவது எழுதவேண்டும்.

மாமியாரோடு ஈஸ்டருக்கு கேப் போகிறோம். அவருக்குச் சுரங்கம் என்றாலே மூச்சு முட்டும். ஹியூகனோவில் என்ன செய்வது? – வாசகி, ஃபீனிக்ஸ்

என் சித்திக்கும் இதே கதைதான். ஒருமுறை பக்கியின் பின்னிருக்கையில் உட்கார்த்தி (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி, திட்டு இல்லை) சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே ஓட்டிவிட்டேன். பட்கோஸுக்கு, அதாவது வழிச் சாப்பாட்டுக்கு, கட்டிவந்த ரொட்டியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடி, முருகா முருகா என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எண்பதில் போனால் மூன்று நிமிடம், அவருக்கு மூன்று மணி நேரம். நுழையும்போது பார்ல் பக்கம் நல்ல மழை, வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். ‘எந்த நாட்டுக்குடா வந்திருக்கோம்’ என்றார். அப்புறம் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அதனால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சுரங்கத்துக்கு முன்னாலேயே ஆர்101 பிரியும், அதில் ஏறிவிடுங்கள். மாமியாரை முன்னிருக்கையில் உட்காரவையுங்கள், கேப்பை நோக்கிப் போகும்போது உச்சி தாண்டியதும் பார்ல் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மேலே நிறுத்தி டீ குடிப்பதானால் சாப்பாட்டுக் கூடையை வெளியே வைக்காதீர்கள், ஜன்னலை ஏற்றிவிடுங்கள், பபூன் குரங்குகள் அங்கே கூட்டமாகத் திரியும்.